யார் காவல்? – 9: பத்திரத்தில் விடுபடும் வரி

ஏர்வாடி மனநலக் காப்பகத் தீ விபத்தைப் போன வாரத்தோடு முடித்துவிட்டோம். 2001 ஆகஸ்ட் 6, சங்கிலி, 28 உயிர்கள். தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிப் படித்துக்கொள்ளவும். மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை.

இந்த வாரம் மாற்றுத்திறனாளிகளுக்குப் பாதுகாவலர் நியமிப்பது பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். பாதி எழுதியும் வைத்திருந்தேன். அதற்குள் தெரிந்தவர் ஒருவர் தன் பெரியம்மா எழுதிக்கொடுத்த தான செட்டில்மெண்ட் பத்திரத்தின் நகலைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைப் படித்தபிறகு மனம் வேறெதிலும் போகவில்லை. ஆசிரியர் கோபித்துக்கொள்வார், பார்த்துக்கொள்ளலாம்.

பத்திரத்தில் என்னதான் இல்லை? நான்கு எல்லைகள் இருக்கின்றன. மின் இணைப்பு எண், கிணற்றில் பாதிப் பங்கு, வண்டிப்பாதை, கொல்லையில் நிற்கும் தென்னை மரங்களின் எண்ணிக்கை எல்லாம் இருக்கின்றன. மகன் பேரில் உள்ள அன்பினாலும் பிரியத்தினாலும் எழுதிக்கொடுப்பதாக இருக்கிறது. இன்று முதல் அவரே சர்வ சுதந்திர பாத்தியத்துடன் புத்திர பௌத்திர பாரம்பரியமாக ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று இருக்கிறது. எக்காரணத்தை முன்னிட்டும் இதை ரத்து செய்யத் தனக்கு உரிமை இல்லை என்று அந்த அம்மாளே சொல்வதாகவும் இருக்கிறது. தென்னை எத்தனை என்று கணக்குத் தெரிகிறது. எழுதிக்கொடுத்தவளுக்கு இனி யார் சோறு போடுவது என்பது மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை.

உயில் எழுதியிருக்கலாமே என்பீர்கள். உயில் சாவுக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும். அதுவரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பிள்ளைகளுக்கு உயில் பிடிக்காமல் போவதற்குக் காரணமே அதுதான். செட்டில்மெண்ட் பதிவான அன்றே கைமாறிவிடும். செலவும் குறைவு. தமிழ்நாட்டில் கிரயம் என்றால் மதிப்பில் 7 சதவீதம் முத்திரைத் தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம். குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட் என்றால் 1 சதவீதமும் 1 சதவீதமும்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. ‘அப்பா இருக்கும்போதே எழுதி வாங்கிவிடு, பின்னால் தொல்லை இருக்காது’ என்று மாமனார் முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோரும் சொல்வார்கள். தொல்லை யாருக்கு இருக்காது என்பதை யாரும் கேட்பதில்லை.

எழுதிக்கொடுத்தபின் நடப்பது உங்களுக்குத் தெரிந்த கதைதான். முன்னறையிலிருந்து பின்கட்டு, பின்கட்டிலிருந்து மாடிப்படிக்குக் கீழே, அங்கிருந்து மகள் வீடு, பிறகு எங்கோ. கையை ஓங்குவதெல்லாம் பல வீடுகளில் கிடையாது. மாத்திரை தீர்ந்தால் வாங்கித் தராமல் இருப்பதும், பேச்சை நிறுத்துவதும், ஓய்வூதியம் வரும் வங்கி அட்டையைப் ‘பத்திரமாக’ வாங்கி வைத்துக்கொள்வதுமே போதும்.

பொதுச் சட்டத்தின்படி கொடுத்தது கொடுத்ததுதான். பதிவான தானத்தை, கொடுத்தவர் மனம் மாறிவிட்டது என்பதற்காகத் திரும்பப் பெற முடியாது. உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, ஏமாற்றி வாங்கினார்கள் என்று நிரூபிக்க வேண்டும். எண்பது வயதில் அது முடிகிற காரியமா?

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007, இந்த இடத்தில் ஒரு விசித்திரம் செய்தது. அதன் 23ஆம் பிரிவைச் சட்டம் படிக்காதவர்களும் ஒருமுறை வாசிக்க வேண்டும். 60 வயது நிரம்பியவர், தன் அடிப்படைத் தேவைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக்கொடுத்து, வாங்கியவர் கவனிக்க மறுத்தால், அந்தச் சொத்து மாற்றமே மோசடியாலோ வற்புறுத்தலாலோ தகாத செல்வாக்காலோ நடந்ததாகச் சட்டம் கருதிக்கொள்ளும். கையெழுத்துப் போட்ட நாளில் மகன் தங்கமாகவே இருந்திருக்கலாம். கவலையில்லை. பின்னால் சோறு போடாததை வைத்து, அன்றைக்கே ஏமாற்றியதாகக் கணக்கு! இதை விசாரிப்பது தீர்ப்பாயம். நம் ஊரில் அதன் தலைவர் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ. அதற்கு மேல் முறையீடு என்றால் மாவட்ட ஆட்சியர். உரிமையியல் நீதிமன்றம் இதில் தலையிட முடியாது.

இத்தனை வலுவான பிரிவு தடுக்கி விழுவது ‘நிபந்தனையோடு’ என்ற அந்த ஒரு சொல்லில்தான். நிபந்தனை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டுமா, அல்லது பெற்ற தாய் பிள்ளைக்கு எழுதிக்கொடுத்தாலே அது உள்ளே இருப்பதாகக் கொள்ளலாமா? பத்திரத்திலேயே வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2020இல் சொன்னது. அன்பினால் கொடுத்தேன் என்பது மட்டும் போதாது, நிபந்தனை இருந்ததாகக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 2022 டிசம்பரில் சொன்னது. நம் சென்னை உயர் நீதிமன்றம் வேறு திசையில் போயிற்று. அன்பும் பிரியமும்தான் காரணம் என்று பத்திரம் சொல்லும்போது, பராமரிப்பு என்ற நிபந்தனை அதற்குள்ளேயே அடக்கம் என்று, நாகப்பட்டினத்துத் தாய் ஒருவரின் வழக்கில் 2025 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. ஒரே மகனுக்கு எழுதிக்கொடுத்து, மகன் இறந்தபின் மருமகளால் கைவிடப்பட்டவர் அவர்.

அதற்குச் சற்று முன், 2025 ஜனவரி 2 அன்று, உச்ச நீதிமன்றத்திலிருந்து இன்னொரு தீர்ப்பு வந்தது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த தாய், 2019இல் மகனுக்குத் தானப் பத்திரம் எழுதிக்கொடுத்தார். கூடவே தனித்தாளில் ஒரு வாக்குறுதிப் பத்திரம்: பெற்றோரைக் கடைசிவரை பார்த்துக்கொள்வேன், தவறினால் தானத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று. அந்தத் தாளே போலி என்றார் மகன். கீழே கோட்ட அதிகாரி, ஆட்சியர், தனி நீதிபதி என்று தாய் ஜெயித்துக்கொண்டே வந்து, உயர் நீதிமன்ற இரு நீதிபதிகள் அமர்வில் தோற்று, உச்ச நீதிமன்றத்தில் மீண்டும் ஜெயித்தார். தானம் ரத்து, சுவாதீனத்தை பிப்ரவரி 28க்குள் தாயிடம் ஒப்படைக்கவும் உத்தரவு. வீட்டை விட்டு வெளியேற்றிச் சுவாதீனம் வாங்கித்தரத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு என்பதும் அதில் தெளிவானது. சென்னைத் தீர்ப்பு நம் பக்கம் இருக்கிறது என்று தெம்பாக இருந்துவிடாதீர்கள். மத்தியப் பிரதேசத்து அம்மாளைக் கரைசேர்த்தது எழுத்தில் இருந்த வாக்குறுதி.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் ஐரோப்பியக் குடியானவர்களிடம் போய் மாட்டிக்கொண்டேன். இந்த வாரம் எனக்குத் தூக்கம் கெட்டது அவர்களால்தான், சுகமாக.

இங்கிலாந்தில் பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டுகளின் பண்ணை நீதிமன்றப் பதிவேடுகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. கிழவனோ விதவையோ நிலத்தை மகனுக்கோ, சொந்தமே இல்லாத இளையவன் ஒருவனுக்கோ விட்டுக்கொடுக்கும்போது, பதிலுக்கு என்ன கிடைக்கும் என்பது அவற்றில் பதிவாகியிருக்கிறது. ஆண்டுக்கு எவ்வளவு கோதுமை, எவ்வளவு வாற்கோதுமை, என்ன துணி, செருப்பு, எந்த அறை, அடுப்பருகே இடம். கொடுக்காவிட்டால் நீதிமன்றம் நிலத்தைத் திருப்பிக் கொடுத்த வழக்குகளும் உண்டு. எழுநூறு ஆண்டுக்கு முந்தைய 23ஆம் பிரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மானியர்கள் இன்னும் ஒருபடி மேல். ‘ஆல்ட்டென்டைல்’ என்று அவர்களிடம் ஓர் ஏற்பாடு. பண்ணையை மகனுக்கு மாற்றும் நாளில் பெற்றோரின் பங்கு தனியாக எழுதப்படும். தானியம், உருளைக்கிழங்கு, பால், முட்டை, விறகு, தனி அறை அல்லது தனி வீடு, படுத்துவிட்டால் பணிவிடை, செத்தால் அடக்கச் செலவு. முட்டையை எண்ணி எழுதிய பெற்றோரை நினைத்துப் பாருங்கள்! பால்குடம் எடுத்து வளர்த்த பிள்ளையிடம் முட்டைக் கணக்கா என்று நம் ஊர்ச் சபையில் எள்ளி நகையாடியிருப்பார்கள். அங்கே யாரும் சிரிக்கவில்லை. ஊரே அப்படித்தான் எழுதியது. இன்றும் ஜெர்மனியில் அது உயிரோடு இருக்கிறது. நிலப் பதிவேட்டிலேயே ஏற்றிவிடுகிறார்கள். மகன் பண்ணையை விற்றாலும் வாங்கியவன் தலையில் அந்தப் பாரம் சேர்ந்தே போகும்.

அந்த வீடுகளில் பாசம் பொங்கி வழிந்தது என்று நான் சொல்லவரவில்லை. இந்தக் கிழடு எப்போது போகும் என்று நாள் எண்ணிய மருமகள்கள் அங்கேயும் இருந்திருப்பார்கள். ஆனால் பால் குறைந்தால் கேட்க ஒரு தாள் இருந்தது. கேட்பது மானக்கேடாகவும் இல்லை.

நம்மிடம் ஏன் இல்லை? திருநெல்வேலிப் பக்கம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டிருக்கும் பத்திர எழுத்தர் ஒருவரைக் கேட்டேன்.

“ஏன் அண்ணாச்சி, ‘என் ஆயுள்வரை சோறு, துணி, வைத்தியம் பாக்கணும், தவறினா ரத்து’ன்னு ஒரு வரி சேத்தா என்ன?”

“தாராளமாச் சேக்கலாம் தம்பி. யாரு தடுக்கா? ஆனா அதப் படிச்சுக் காட்டுத நேரம் மகன் மூஞ்சி சுருங்கிப் போகும். ‘இதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி, அடிச்சிருங்க, எம்புள்ள பாக்காமலா போயிருவான்’னு அந்த அம்மையே சொல்லிருவா.”

“நீங்க எடுத்துச் சொல்லக்கூடாதா?”

“எனக்கு எழுத்துக்கூலி குடுக்கது மகன்லா!”

இதற்கு மேல் எந்த ஆய்வும் எனக்குத் தேவைப்படவில்லை. ஆவணத்தைத் தயாரிப்பவர் வாங்குகிறவரின் ஆளாக இருக்கிறார். கொடுக்கிறவருக்கு அங்கே ஆளே இல்லை. சார்பதிவாளர் முன் கைரேகை வைக்கும்போது, சம்மதமா என்ற கேள்விக்குத் தலையாட்டுவதோடு அவர் பங்கு முடிகிறது. பராமரிப்பு நிபந்தனை இல்லாமல் 60 வயதுக்கு மேற்பட்டவரிடமிருந்து செட்டில்மெண்ட் வந்தால், ‘தெரிந்தே விட்டீர்களா அம்மா?’ என்று மகனை வெளியே நிற்கவைத்துக் கேட்கப் பதிவுத்துறைக்கு ஒரு சுற்றறிக்கை போதும். புதுச் சட்டம் எதுவும் வேண்டாம்.

அந்த வரிக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. பத்திரம் எழுதி வாங்கிய மகன் வீட்டை மூன்றாம் ஆளுக்கு விற்றுவிட்டால்? சொத்திலிருந்து பராமரிப்புப் பெறும் உரிமையை, அது தெரிந்தே வாங்கியவர்மீதும் இனாமாகப் பெற்றவர்மீதும் செலுத்தலாம். தெரியாமல் விலை கொடுத்து வாங்கியவரிடம் செல்லாது என்கிறது 23(2). வீடு வாங்குகிறவர் மூலப்பத்திரத்தைப் படிக்காமல் வாங்கமாட்டார். வரி அதில் இருந்தால், தெரியாது என்று அவர் சொல்ல முடியாது. ஜெர்மானியன் நிலப் பதிவேட்டில் செய்ததை நாம் ஒரு வாக்கியத்தில் செய்துகொள்ளலாம்.

சட்டத்தின் மற்ற பற்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அவை அவ்வளவு கூர்மையில்லை. மாதப் பராமரிப்புத் தொகைக்கு உச்சவரம்பு 10,000 ரூபாய், 2007இல் போட்டது. அதை நீக்க 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்த திருத்த மசோதா, அவை கலைந்தபோது காலாவதியாகிவிட்டது. முதியவரைக் கைவிட்டால் 24ஆம் பிரிவின்படி மூன்று மாதம்வரை சிறை அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இதைவிடக் கடுமையானது. தன் பொறுப்பில் இருக்கும் மாற்றுத்திறனாளிக்குத் தெரிந்தே உணவோ நீரோ மறுத்தால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டுவரை சிறை. ஒரே வீட்டில், ஒரே தட்டைப் பிடுங்கினால், பிடுங்கப்பட்டவர் யார் என்பதைப் பொறுத்துத் தண்டனை இப்படி மாறுகிறது.

இங்கேதான் நான் எழுதாமல் விட்ட பாதிக் கட்டுரை வந்து இடிக்கிறது. அறிவுசார் குறைபாடுள்ள மகன் இருக்கும் வீடுகளில் பெற்றோர் என்ன செய்கிறார்கள்? எல்லாவற்றையும் மூத்தவன் பேருக்கு எழுதிவைத்து, ‘தம்பியைப் பார்த்துக்கொள்’ என்று வாயால் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் காலமான பிறகு மூத்தவன் தம்பியைத் துரத்தினால், 23ஆம் பிரிவு அந்தத் தம்பிக்கு உதவாது. அவனுக்கு வயது 35. அவன் மூத்த குடிமகன் அல்லன், சொத்தை எழுதிக்கொடுத்தவனும் அல்லன். அவனுக்கான வழி தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999, மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் உள்ளூர்க் குழு, அது நியமிக்கும் பாதுகாவலர். அடுத்த வாரம் கட்டாயம் அதுதான். எந்தப் பத்திரம் வந்தாலும் பிரிக்கமாட்டேன்.

அதுவரை ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ பெரியவர் யாராவது செட்டில்மெண்ட் எழுதப்போகிறார் என்றால், வரைவை வாங்கிப் படியுங்கள். ஆயுள்வரை அந்த வீட்டிலேயே குடியிருக்கும் உரிமை, உணவு, உடை, மருத்துவம், தவறினால் ரத்து. இவை எழுத்தில் இல்லையென்றால் கைரேகை வைக்கவிடாதீர்கள். மகன் முகம் சுருங்கினால் சுருங்கட்டும். ஏற்கெனவே எழுதிக்கொடுத்துவிட்டுத் திண்டாடுகிறவர்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். எழுந்து நடமாட முடியாதவருக்காக, அவர் அதிகாரம் கொடுத்த வேறொருவரும் கொடுக்கலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு 14567 என்ற எண் இருக்கிறது. கட்டணம் கிடையாது, காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள்.