காளை பொறித்த கல் எந்த ஊர்க் கல்?

வெடிக்குப் பேர்போன வெம்பக்கோட்டைப் பக்கம் இப்போது சூதுபவளம் பற்றியும் பேச்சு நடக்கிறது. வைப்பாற்றங்கரையில் விஜயகரிசல்குளம் மேட்டைத் தமிழகத் தொல்லியல் துறை 2022 முதல் கட்டம் கட்டமாக அகழ்ந்தது. மூன்றாம் கட்டத்தில் கிடைத்த சின்னஞ்சிறு சிவப்புச் சூதுபவளக் கல் ஒன்றில், திமிலோடு சீறும் காளை பொறித்திருந்தது. காளையை நம் ஊர்க் கைகளே செதுக்கியிருக்கலாம். ஆனால் கல் நம் ஊரில் விளைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

எரிமலைக் குழம்பு இறுகிய பாறைகளின் பொந்துகளில் சிலிக்கா ஊறிப் படிந்து உருவாகும் குவார்ட்ஸ் வகை இது. அந்தப் பாறை மகாராஷ்டிரம், குஜராத் பக்கம் பரந்து கிடக்கிறது. விருதுநகர் மாவட்டத்துப் பாறை வேறு, அதைவிட மிகப் பழையது. குஜராத்தில் ரத்தன்பூர் இந்தக் கல்லை வெட்டியெடுப்பதற்கும், கம்பாத் அதை மணியாகக் கடைவதற்கும் நெடுங்காலமாகப் பேர்பெற்றவை.

வெட்டியெடுக்கும்போது பெரும்பாலும் அது சிவப்பாக இருக்காது. மங்கிய மஞ்சள், பழுப்பு. வெயிலில் காயப்போட்டு, மண்சட்டியில் வைத்து மூட்டம் போடுவார்கள். கல்லுக்குள் இருக்கும் இரும்புத் துகள் தன்னிடமுள்ள நீரை இழந்து சிவந்துவிடும். அப்படியானால் இது இயற்கைக் கல்தானா? ஆம். கல்லை வளர்த்தது பூமி. மனிதன் சூடு மட்டும் காட்டினான். இதையே விற்கும்போது மறைத்தால்தான் மோசடி. வெர்னாய் என்ற பிரெஞ்சுக்காரர் 1902-இல் அறிவித்த மாணிக்கத்தின் கதை வேறு. அலுமினாப் பொடியைச் சுடரில் உருக்கிச் சொட்டுச் சொட்டாக வளர்த்தது. வேதியியலில் அசல் மாணிக்கமேதான். லென்ஸ் வைத்துப் பார்த்தால் உள்ளே வளைகோடுகள் தெரியும். பூமியில் வளர்ந்ததில் கோடுகள் நேராக ஓடி, கோணமாக மடங்கும்.

இயற்கைதான் என்று முடிவானபின் எந்தச் சுரங்கம் என்ற கேள்வி வரும். பர்மாவின் சலவைக்கல் பாறையில் விளைந்த மாணிக்கத்தில் இரும்பு குறைவு. புறஊதா விளக்கில் கனலாகச் சிவக்கும். தாய்லாந்து மாணிக்கத்தில் இரும்பு அதிகம், ஒளி மங்கும். இப்படி மிகச் சிறிதளவில் கலந்திருக்கும் தனிமங்களை அளக்க லேசர் உதவுகிறது. தீயில் எரிந்தால் ஸ்ட்ரான்சியம் உப்பு சிவப்பு, பேரியம் பச்சை, செம்பு நீலம் என்பது பட்டாசு மருந்து கலக்கும் சிவகாசிக்காரருக்குப் பாடமே வேண்டாத சங்கதி. ஆய்வகத்திலும் அதே வேலைதான்: கண்ணுக்குத் தெரியாத அளவு கல்லை லேசரால் எரித்து, பொறியின் ஒளியைப் பிரித்து, எந்த உலோகம் என்று படிக்கிறார்கள். பெரிலியம் ஊட்டிச் சுட்டு நிறமேற்றிய சஃபையர் கற்கள் 2000-களின் தொடக்கத்தில் சந்தையைக் கலக்கியபோது, கண்டுபிடிக்க இந்த முறையும் கைகொடுத்தது.

கிடைத்த அளவுகளைத் தெரிந்த சுரங்கங்களின் கற்களோடு ஒப்பிட வேண்டும். ஒப்பிட வேண்டிய சுரங்கத்தின் கல்லே சேகரிப்பில் இல்லையென்றால், விடை வேறு ஊரைக் காட்டிவிடும். அதனால்தான் நல்ல ஆய்வகங்கள் சான்றிதழில் பிறப்பிடத்தை நிபுணர் கருத்தாகவே எழுதுகின்றன. கடைக்காரர் அதைச் சத்தியமாக்கி விற்பார். வாங்குபவர் ஊர்ப் பெயரை விட்டுவிட்டு, சூடேற்றல் பற்றிய வரியை முதலில் படிக்கட்டும்.

போலிக்கல் வியாபாரமும் இன்று நேற்று வந்ததல்ல. இந்தியர்கள் பளிங்குக்குச் சாயமேற்றிப் பெரில் கல்லைப் போலச் செய்கிறார்கள் என்று முதலாம் நூற்றாண்டிலேயே ரோமானியர் பிளினி குறைபட்டுக்கொண்டார். அசல் பெரில் நம் காங்கேயத்தை அடுத்த படியூரில் இருந்தது. அடுத்த வாரம் அங்கே போவோம்.