அந்தி வந்தால் அழும் பிள்ளை

விளக்கு வைக்கும் நேரம். பகலெல்லாம் சமர்த்தாகத் தூங்கிய பிள்ளை வீறிட்டு அழுகிறது. முகம் சிவக்கிறது. கால்களை வயிற்றோடு மடக்குகிறது. பால் கொடுத்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறது.

"வயிற்று வலி" என்கிறாள் பாட்டி. "கண் பட்டுவிட்டது" என்கிறாள் பக்கத்து வீட்டு அம்மாள். "தாய்க்குப் பால் போதவில்லை" என்கிறார் வந்த விருந்தாளி. பெற்றவள் மூலையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். தலைப்பிள்ளை அல்லவா?

அவள் மீது ஒரு குற்றமும் இல்லை.

அமெரிக்காவில் பிரேசல்டன் என்ற குழந்தை டாக்டர், 80 தாய்மார்களிடம் பிள்ளை அழுத நேரத்தைத் தினமும் எழுதி வைக்கச் சொன்னார். அந்தக் கணக்கை 1962-ம் ஆண்டில் வெளியிட்டார். எல்லாம் நோய் நொடி இல்லாத பிள்ளைகள். இரண்டாவது வாரத்தில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1¾ மணி நேரம் அழுதன. ஆறாவது வாரத்தில் 2¾ மணி நேரம்! பிறகு படிப்படியாகக் குறைந்தது. அதிக அழுகை மாலையில்தான்.

ஆகவே, ஒன்றரை மாதப் பிள்ளை அந்தியில் அழுவது வளர்ச்சியில் ஒரு கட்டம். மூன்று, நான்கு மாதத்தில் பெரும்பாலும் தானே அடங்கிவிடும்.

கால் விரலைப் பாருங்கள்

அதற்காக, எல்லா அழுகையும் சும்மா அழுகை என்று விட்டுவிடக் கூடாது. பசியா, துணி நனைந்திருக்கிறதா, புழுக்கமா, எறும்பு கடித்ததா என்று முதலில் பார்க்க வேண்டும்.

கை விரல், கால் விரல்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பிள்ளை பெற்ற சில மாதங்களில் தாய்க்கு முடி கொட்டும். அந்த முடி ஒன்று பிள்ளையின் விரலில் சுற்றி இறுக்கினால் விரல் வீங்கிவிடும். ஊரே கூடி வயிற்றைத் தடவிக்கொண்டிருக்கும். வலியோ கால் விரலில்!

எழுந்து நடந்தால்...

ஒரு குறையும் இல்லை, ஆனாலும் அழுகிறது என்றால் தூக்கிக்கொண்டு நடப்பதே நல்ல வழி.

ஜப்பானில் குரோடா என்ற பெண் விஞ்ஞானியும் மற்றவர்களும் இதைச் சோதித்து 2013-ல் வெளியிட்டார்கள். தாய் பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைவிட, எழுந்து நடந்தபோது அழுகை சட்டென்று குறைந்தது. பிள்ளையின் இதயத் துடிப்பும் நிதானமாயிற்று. பூனை தன் குட்டியைக் கவ்விக்கொண்டு போகும்போது குட்டி கத்துவதில்லை. காலை மடக்கிக்கொண்டு சும்மா தொங்கும். மனிதக் குட்டியும் அப்படித்தான்.

சரி, தூங்கிவிட்டது. தூளியில் போட்டதும் மறுபடியும் "வீல்" என்கிறதே?

அதற்கும் 2022-ல் அவர்கள் விடை கண்டார்கள். முதுகு படுக்கையில் படும்போது அல்ல, தாயின் உடம்பை விட்டுப் பிரியத் தொடங்கும்போதே பிள்ளை விழிக்கத் தொடங்குகிறதாம். ஆகவே ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். தூங்கியதும் ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியிலேயே வைத்து உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு மெதுவாகக் கிடத்தலாம்.

தாலாட்டும் வீண் அல்ல. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தை தாயின் குரலை அடையாளம் காணும் என்று 1980-லேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். வயிற்றுக்குள் இருந்தே கேட்ட குரல் ஆயிற்றே! சங்கீதம் தெரிய வேண்டியதில்லை.

தூளியில் விட்டால் கழுத்து மடங்காமல், முகத்தில் துணி அழுந்தாமல் ஒருவர் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாயில் எதை ஊற்றுவது?

எதையும் ஊற்ற வேண்டாம்! வசம்புக்கு "பிள்ளை வளர்ப்பான்" என்றே பெயர். சுட்டு உரைத்து நாக்கில் தடவுவது பழைய வழக்கம். அளவு மீறினால் வாந்தி வரும். கிரைப் வாட்டர் 1851-ல் இங்கிலாந்தில் தோன்றியது. வெகு காலம் அதில் சாராயம் கலந்திருந்தது. பிள்ளை மயங்கியதில் ஆச்சரியம் என்ன? ஆறு மாதம் வரை, டாக்டர் தரும் மருந்தைத் தவிர, தாய்ப்பால் ஒன்றே போதும். மூக்கில் எண்ணெய் விடுவது இன்னும் மோசம். அது நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வந்துவிடும்.

ஆத்திரத்தில் ஒரு நிமிடம்

இரவு இரண்டு மணி. மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. பிள்ளை நிறுத்தவில்லை. அந்த நேரத்தில் பொறுமை உள்ள தாய்க்கும் கை பதறும். தந்தைக்கும் அப்படித்தான்.

எக்காரணம் கொண்டும் பிள்ளையைப் பிடித்து உலுக்கக் கூடாது. தலை கனம், கழுத்தில் பலம் இல்லை. உலுக்கினால் மூளைக்குள் ரத்தக் குழாய் அறுந்து ரத்தம் கசியும். கண் பார்வை போகலாம். உயிரே போகலாம்.

கோபம் வந்தால் பிள்ளையைப் பாயில் மல்லாக்கக் கிடத்திவிட்டு வாசலுக்குப் போய் நிற்கலாம். ஐந்து நிமிடம் அழுததால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. முகம் கழுவி, தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். கணவனை எழுப்பலாம், நடப்பதற்கு அவருக்கும் கால் இருக்கிறது!

மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு உடம்புச் சூடு 100.4 டிகிரியைத் தொட்டாலும், பால் குடிக்காமல் துவண்டாலும், பச்சையாக வாந்தி எடுத்தாலும், மலத்தில் ரத்தம் வந்தாலும், உச்சிக்குழி புடைத்திருந்தாலும், வலிப்பு வந்தாலும் தாலாட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நடு இரவானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.