ஒரு வாக்குறுதிக்கு ஐந்து ராகங்கள்

1857-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கவிதைப் பேராசிரியர் பதவிக்குத் தேர்தல் நடந்தது. களத்தில் நின்றவர்களில் இருவரைத் தெரிந்துகொண்டால் போதும். வென்றவர் மேத்யூ ஆர்னால்டு. ஆங்கிலக் கவிதை படித்தவர்கள் எல்லோருக்கும் அறிமுகமான பெயர். தோற்றவர் ஜான் எர்னஸ்ட் போட் என்ற ஆயர். ஹெரோடோட்டஸின் கதைகளைப் பாட்டாக்கி 1853-ல் நூல் வெளியிட்டவர். 1855-ல் ஆக்ஸ்ஃபோர்டின் புகழ்பெற்ற பாம்ப்டன் சொற்பொழிவுகளை நிகழ்த்தியவர். அந்த நூல்களை இன்று யாரும் தேடுவதில்லை. ஆனால் ஞாயிறு காலைகளில் உலகின் ஏதாவது ஓர் ஆலயத்தில் அவருடைய ஒரே ஒரு பாட்டு ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது.

போட் 1860-ல் கேம்பிரிட்ஜ்ஷயரின் காஸில் கேம்ப்ஸ் என்ற கிராமத்துக்கு ஆயராகப் போனார். 1874-ல் இறக்கும்வரை அங்கேதான் ஊழியம். அந்த ஆண்டுகளில் அவருடைய மகளுக்கும் இரண்டு மகன்களுக்கும் திடப்படுத்தல் நடந்தது. குழந்தையாக இருக்கும்போது ஞானஸ்நானம் பெற்றவர்களுக்காக அன்று ஞானப்பெற்றோர் வாக்குக் கொடுத்திருப்பார்கள். வளர்ந்தபின் பிள்ளையே பேராயர் முன் நின்று அந்த வாக்கைத் தன் வாயால் ஏற்றுக்கொள்வதுதான் திடப்படுத்தல். தன் வீட்டுப் பிள்ளைகள் மூவரும் அப்படி நிற்கப்போகும் வேளைக்கென்று தகப்பன் எழுதியதுதான் 'ஓ ஜீசஸ், ஐ ஹேவ் பிராமிஸ்டு'. 1860-களின் இறுதியில் எஸ்.பி.சி.கே. என்ற கிறிஸ்தவ நூல் வெளியீட்டுச் சங்கம் அதைத் துண்டுத்தாளாக அச்சிட்டது. அங்கிருந்து அது பாட்டுப் புத்தகங்களுக்குள் புகுந்தது.

சீஷத்துவத்தைப் பற்றிய பாட்டுகளில் முழக்கமும் அணிவகுப்பும் நிறைய உண்டு. போட் அந்தப் பக்கம் போகவில்லை. கடைசிவரை ஊழியம் செய்வேன் என்று பிள்ளை இயேசுவுக்கு வாக்குக் கொடுக்கிறது. கொடுத்த கையோடு, நீர் பக்கத்தில் இல்லாவிட்டால் என்னால் முடியாது என்று ஒப்புக்கொள்கிறது. உலகம் கண்ணைப் பறிக்கிறது, உள்ளுக்குள் சொந்த விருப்பம் முணுமுணுக்கிறது, அந்தச் சத்தத்தில் அவருடைய குரல் கேட்கவில்லை. பிறகு, அவருடைய காலடித் தடத்தைப் பார்த்து அதிலேயே தன் காலை வைக்க விரும்புகிறது. அந்த நடைக்கும் தன் பலம் போதாது என்று உடனே சொல்லிவிடுகிறது. பதின்வயதுப் பிள்ளைகளைப் பக்கத்திலிருந்து பார்த்த தகப்பனால்தான் இப்படி எழுத முடியும். மேடைக்காக எழுதியிருந்தால் இந்தப் பயங்களை விட்டிருப்பார்.

இனி ராகத்துக்கு வருவோம். இந்தப் பாட்டின் வரிகளை அசை எண்ணிப் பார்த்தால் ஏழு, ஆறு, ஏழு, ஆறு என்று மாறி மாறி வரும். ஒரு சரணத்துக்கு எட்டு வரி. ஆங்கில ஞானப்பாட்டுகளில் மிகப் புழக்கமான அளவு இது. இந்த அளவில் அமைந்த எந்த ராகத்திலும் போட்டின் வார்த்தைகளைப் பாடிவிடலாம். அந்தச் சுதந்திரத்தை ஒவ்வொரு தலைமுறையும் பயன்படுத்திக்கொண்டது.

முதல் தலைமுறைகளில் பரவலாகப் பாடப்பட்ட ராகங்களில் ஒன்று ஜேம்ஸ் வில்லியம் எலியட்டின் 'டே ஆஃப் ரெஸ்ட்'. 'ஹம்ப்டி டம்ப்டி' போன்ற மழலைப் பாட்டுகளுக்கு 1870-ல் மெட்டமைத்து வெளியிட்டவரும் இதே எலியட்தான்.

அதோடு போட்டிக்கு வந்தது ஆர்தர் ஹென்றி மேனின் 'ஏஞ்சல்ஸ் ஸ்டோரி'. 1881-ல் மெதடிஸ்ட் ஞாயிறு பள்ளிப் புத்தகத்தில், தேவதூதர்கள் சொன்ன செய்தியைப் பற்றிய வேறொரு பிள்ளைகள் பாட்டுக்காக வந்தது அது. ராகத்தின் பெயரே அந்தப் பாட்டிலிருந்து பிறந்ததுதான். மேன் 1876 முதல் 1929-ல் இறக்கும்வரை கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவர். 1918-ல் அங்கே தொடங்கிய கிறிஸ்துமஸ் கீத ஆராதனைக்குப் பாடகர் குழுவை நடத்தியவர். காஸில் கேம்ப்ஸும் அதே கேம்பிரிட்ஜ்ஷயர்தான். ஆனால் மேன் கேம்பிரிட்ஜுக்கு வரும் முன்பே போட் மறைந்துவிட்டார்.

அடுத்தது பேசில் ஹார்வுட்டின் 'தார்ன்பரி', 1898. இதுவும் வேறு பாட்டுக்கென்று பிறந்த ராகம். அதை எழுதும்போது ஹார்வுட் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த இடம் ஆக்ஸ்ஃபோர்டின் கிரைஸ்ட் சர்ச். போட் படித்த அதே கல்லூரி!

1919-ல் வெளிவந்த பப்ளிக் ஸ்கூல் ஹிம் புக்கில் 'வுல்வர்கோட்' இடம்பெற்றது. இயற்றியவர் வில்லியம் ஹரால்டு ஃபெர்குசன், அப்போது ஆக்ஸ்ஃபோர்டு செயின்ட் எட்வர்ட்ஸ் பள்ளியின் தலைவர். பள்ளிக்குப் பக்கத்துக் கிராமத்தின் பெயரையே ராகத்துக்கு வைத்தார். நூற்றுக்கணக்கான பையன்கள் ஒரே குரலில் முழுத் தொண்டையில் பாடத் தோதான ராகம் அது.

இந்த இடத்தில்தான் பாட்டின் குணமே மாறுகிறது. மேனின் ராகத்தில் பாடினால் அது மன்றாட்டு: குரல் தாழ்ந்து, உள்ளே திரும்பிப் போகும். ஃபெர்குசனின் ராகத்தில் பாடினால் அது சபதம். வார்த்தைகளில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் 'வாக்குக் கொடுத்தேன்' என்பது முன்னால் வருகிறது, 'என்னால் முடியாது' என்பது பின்னால் ஒதுங்குகிறது. போட் இரண்டையும் சேர்த்தே எழுதினார். ஒன்றை அமுக்கும் ராகம் எவ்வளவு அழகானதாக இருந்தாலும் பாட்டுக்கு நட்டம்தான்.

ஜெஃப்ரி போமண்ட் இதில் இன்னும் துணிந்தார். அவரும் ஒரு குருவானவர். 1956-ல் நடன இசையின் சாயலில் ஒரு திருவிருந்து ஆராதனை இசையை வெளியிட்டு இங்கிலாந்துத் திருச்சபையில் பெரும் சர்ச்சையைக் கிளப்பியவர். போட்டின் பாட்டுக்கு அவர் போட்ட 'ஹாத்ரப் காஸில்' துள்ளலான ராகம். முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் பள்ளிக் கூடுகைகளில் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அதைக் குறையாகச் சொல்ல முடியாது. போட் எழுதியதே பிள்ளைகளுக்காகத்தானே.

திடப்படுத்தல் ஆராதனைக்கு இந்தப் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் பாடகர் குழுவுக்கு ஒரு யோசனை: தொடக்கச் சரணத்தை 'வுல்வர்கோட்'டில் எழுந்து பாடிவிட்டு, உள்மனத்தின் முணுமுணுப்பைச் சொல்லும் சரணத்தை மட்டும் ஆர்கனைத் தணித்து மேனின் ராகத்தில் பாடிப் பார்க்கலாம். அளவு ஒன்றே என்பதால் தடை எதுவும் இல்லை.

(அடுத்த வாரம்: போட் மறைந்த அதே 1874-ல் பிரான்சஸ் ஹாவர்கல் எழுதிய அர்ப்பணிப்புப் பாட்டு)