காரை இறக்குங்க, அம்மாவை இறக்கி விட்டுடாதீங்க

இன்னிக்கு எபிசோட், இன்பாக்ஸ்ல அடிக்கடி வர்ற ஒரு கேள்வி பத்தி: "ப்ரோ, தினமும் ஆபீஸ் போற காரை லோயர் பண்ணலாமா? ரைடு கெட்டுப் போகாதா?"

பதிலை முதல்லயே சொல்லிடறேன். காரை இறக்கறதால மட்டும் ரைடு கெடாது. சஸ்பென்ஷன் மேல ஏறி இறங்கறதுக்கு இருக்கிற இடம் தீர்ந்து போறதாலதான் கெடுது. அந்த இடம் உங்க கார்ல எத்தனை மில்லிமீட்டர்னு தெரியாம காசு செலவு பண்ணாதீங்க. நான் பண்ணேன்.

வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம் ஒரு செகண்ட் ஹேண்ட் ஹேட்ச்பேக் வாங்கினேன். டயருக்கும் வீல் ஆர்ச்சுக்கும் நடுவுல நாலு விரல் தாராளமா போகும். அது கண்ணை உறுத்திச்சு. ஒரு கராஜ்ல, கம்பெனி ஸ்பிரிங்லயே ஒவ்வொண்ணுலயும் ஒரு சுற்றை வெட்டிக் கொடுத்தாங்க. போட்டோல செமயா இருந்துச்சு. எங்க அம்மாவுக்கு முதுகுல டிஸ்க் பிரச்சனை. மூணாவது வாரம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக சாவியை எடுத்தப்போ, "நீ ஆபீஸ் கிளம்புப்பா, நான் பஸ்லயே போயிக்கறேன்"னாங்க. கார் வாசல்ல நிக்குது, அம்மா பஸ் ஸ்டாப்ல நிக்கறாங்க.

ஸ்பிரிங்கை வெட்டினா என்ன ஆகுது?

சுருள் ஸ்பிரிங்ல சுற்று குறையக் குறைய அது கெட்டியாகும். வேலை செய்யற சுற்று 6 இருந்து ஒண்ணை வெட்டினா, ஸ்பிரிங் 20 சதவீதம் கெட்டியாகும். "அதான் குலுங்குது"ன்னு நானும் நினைச்சேன். அது பாதிக் கதைதான்.

கார் சும்மா நிக்கும்போது, சக்கரம் மேல போறதுக்கு 60 மி.மீ. இடம் இருக்குன்னு வச்சுக்கோங்க. அதைத் தாண்டினா பம்ப் ஸ்டாப்னு ஒரு ரப்பர் கட்டை தடுக்கும். காரை 20 மி.மீ. இறக்கினா மிச்சம் 40. ஒரு பள்ளம் கொடுக்கிற அதே அடியை இப்போ 40 மி.மீ.க்குள்ள வாங்கணும். ஸ்பிரிங் சேமிக்கிற ஆற்றல், அமுங்கற தூரத்தோட வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால டேம்பரை ஒதுக்கிட்டுப் பார்த்தா, ஸ்பிரிங் 2.25 மடங்கு கெட்டியா இருக்கணும். 30 மி.மீ. இறக்கினா 4 மடங்கு. வெட்டின ஸ்பிரிங் தர்றது 1.2 மடங்கு மட்டும். மீதி அடியை யாரு வாங்கறது? பம்ப் ஸ்டாப். அப்புறம் அம்மாவோட முதுகு.

இன்னொரு ஆபத்தும் இருக்கு. நீளம் குறைஞ்ச ஸ்பிரிங், சக்கரம் முழுசா கீழே தொங்கும்போது இருக்கையில இருந்து தளர்ந்து நகர்ந்துடலாம். அதனால வெட்டறது வேண்டவே வேண்டாம்.

முதல்ல அளந்து பாருங்க

கோடு எழுதறவங்களுக்குத் தெரியும்: எங்க மெதுவா ஓடுதுன்னு அளக்காம ஆப்டிமைஸ் பண்ணக் கூடாது. இங்கயும் அதேதான். தேவை ஒரு பிளாஸ்டிக் கேபிள் டை.

டேம்பரோட பளபளப்பான தண்டுல, தூசி உறையை மேல தூக்கிட்டு, கேபிள் டையைக் கட்டுங்க. வழுக்கணும், ஆனா தானா விழக் கூடாது. காரைத் தரையில நிறுத்தி, டையை டேம்பர் உடம்பு வரைக்கும் இறக்கி விடுங்க. அப்புறம் உங்க வழக்கமான ரூட்ல, வழக்கமான ஆட்களோட ஓட்டுங்க. பெரிய பள்ளத்துல டேம்பர் உடம்பு மேல வந்து டையைத் தள்ளிட்டுப் போகும். திரும்ப இறங்கும்போது டை அங்கேயே நிக்கும். டைக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவுல மிச்சம் இருக்கிறதுதான் உங்க பட்ஜெட்.

பழைய ஸ்பிரிங் செட் ஒண்ணைத் தேடிப் பிடிச்சு மாட்டிட்டு, நான் இதைச் செஞ்சேன். தனியா ஓட்டினப்போ முன்னாடி 28 மி.மீ. மிச்சம். அப்பா, அம்மா, தங்கச்சி ஏறினப்போ பின்னாடி 21 தான். நான் வாங்க நினைச்சதோ 40 மி.மீ. கிட்!

ரூட்டும் முக்கியம். இந்தியச் சாலைக் காங்கிரஸோட 1988 வழிகாட்டுதல்ல சொன்ன வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். அவ்வளவு அகலமா இருந்தா கார் அலுங்காம ஏறி இறங்கும். நம்ம தெருவுல ராத்திரியோட ராத்திரியா போட்ட குறுகலான தடைக்கு எந்த விதியும் கிடையாது.

சரி, எப்படி இறக்கறது?

பட்ஜெட்டுக்குள்ள வர்ற லோயரிங் ஸ்பிரிங்கை, அதுக்குப் பொருத்தமான டேம்பரோட சேர்த்து வாங்குங்க. கெட்டி ஸ்பிரிங்கைப் பழைய டேம்பரால அடக்க முடியாது, ஒரு மேட்டுக்கு ரெண்டு மூணு தடவை கார் துள்ளும். காயில்ஓவர் வாங்கினா, உயரத்தையும் ஸ்பிரிங் இறுக்கத்தையும் தனித்தனியா மாத்தற வகை நல்லது. கீழ்ப்பகுதியைச் சுருக்கி இறக்கறதால தண்டோட பயண இடம் அப்படியே இருக்கும். ஆனா டயர் எங்கயும் உரசுதான்னு பார்க்கணும்.

ஸ்டைலுக்காகப் பெரிய வீலும் சேர்த்துப் போடாதீங்க. 185/60 ஆர்15 டயர்ல பக்கச் சுவர் 111 மி.மீ. 205/40 ஆர்17 போட்டா 82. முதல் அடியை வாங்கற காத்து மெத்தையில 29 மி.மீ. போச்சு.

மெக்கானிக்கிட்ட ஒண்ணு சொல்லுங்க: கன்ட்ரோல் ஆர்ம் புஷ் போல்ட்டை, காரோட எடை சக்கரத்துல இறங்கின பிறகுதான் கடைசியா இறுக்கணும். ஜாக்கியில தொங்கும்போது இறுக்கினா, ரப்பர் எப்பவும் முறுக்கிக்கிட்டே நிக்கும். ரைடு கெட்டியாகும், ரப்பரும் சீக்கிரம் கிழியும். கடைசியா வீல் அலைன்மென்ட். உயரம் மாறினா டோ, கேம்பர் ரெண்டும் மாறும்.

சட்டத்தையும் சொல்லிடறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, பதிவுச் சான்று விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதுல இருந்து மாறுபடற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும், கேரளாவுல இருந்து வந்த ஒரு வழக்குல, இதை உறுதி பண்ணுச்சு. அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாசம் வரை சிறையோ, ரெண்டுமோ விதிக்க 182ஏ பிரிவுல இடம் இருக்கு. ஆர்டிஓ, இன்சூரன்ஸ் ரெண்டு பக்கமும் விசாரிச்சுட்டு, அப்புறம் ஸ்பேனரை எடுங்க.

நான் கடைசியில 20 மி.மீ. ஸ்பிரிங், புது டேம்பரோட நிறுத்திக்கிட்டேன். நாலு விரல் இடைவெளி இப்போ ரெண்டரை. போன வாரம் அம்மா பின்சீட்ல ஏறி, தெருமுனை வேகத்தடை தாண்டினதும், "அப்பாடா, பழையபடி ஆக்கிட்டே"ன்னாங்க. இன்னும் இறங்கித்தான் இருக்குன்னு நான் சொல்லல. நீங்களும் இந்த எபிசோடை அவங்களுக்கு ஃபார்வர்ட் பண்ணிடாதீங்க.