ஒரே கட்டளையில் ஆயிரம் சரக்கு!

2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறியதை வணிகப் பெருமக்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிஸ்கட், ஷாம்பு, பற்பசை 18 சதவிகிதத்திலிருந்தும், நெய், நூடுல்ஸ் 12-லிருந்தும் 5-க்கு இறங்கின. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கடைகளில் தொழிற்சாலைப் பிள்ளைகள் அன்றாடம் வாங்குகிற சரக்குகள் இவை.

முதல் நாள் இரவு எங்கள் மொத்தக் கடைக் கணினியில் ஏறக்குறைய ஆயிரம் சரக்குகளுக்கு விகிதம் மாற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொன்றாக மாற்றினால் பொழுது விடிந்துவிடும். செயற்கை நுண்ணறிவு ஏஜென்டை ஒரு கருவி வழியாகச் சரக்குப் பட்டியலோடு இணைத்தால் மொத்தமாக மாற்றித் தரும் என்றார் கணக்குப்பிள்ளை. 'சோப்பு எல்லாவற்றையும் 5 ஆக்கு' என்று கட்டளையும் கொடுத்தார்.

பதிவதற்கு முன் பட்டியலைக் காட்டச் சொன்னோம். திரவ சோப்பும் அதில் இருந்தது! குளியல் கட்டிச் சோப்புக்குத்தான் 5. திரவ சோப்புக்கு 18. கவனிக்காமல் விட்டிருந்தால் குறைந்த வரியை வட்டியோடு கைப்பணத்தில் கட்டியிருப்போம்.

கை தவறினால் ஒரு வரி கெடும். கட்டளை தவறினால் பேரேடே கெடும். ஆகவே முதலில் நகல் எடுத்து வையுங்கள். சரக்கின் பெயரை நம்பாமல் எட்டு இலக்க எச்.எஸ்.என். எண்ணைக் கொடுங்கள், 3401 என்ற நான்கு இலக்கத்தில் இரண்டு சோப்பும் அடங்கிவிடும். பத்துச் சரக்கில் சோதியுங்கள். போட்டு முடித்த பழைய பில்களைத் தொட அனுமதிக்காதீர்கள். பழைய விகிதம், புதிய விகிதம் இரண்டையும் ஒப்பிட்ட பிறகே சம்மதம் கொடுங்கள்.

வேலை இயந்திரத்துடையது; கணக்குக்குப் பொறுப்பு நாம்தான்.