கோள்களும் சக்கரங்களும்

தமக்கு வரும் துன்பங்களுக்குக் கோள்களின் நிலையே காரணமெனக் கருதி, அக்கோள்களுக்கு உரியனவாகச் சொல்லப்படும் சக்கரங்களைச் செப்புத் தகட்டில் வரைவித்துப் பூசித்தலும், தாயத்தில் அடைத்து அணிதலும் நம்மவரிடையே நெடுங்காலமாக நிகழ்ந்து வருவன. இவ்வழக்கம் முற்றும் பொய்யென இகழ்வார் ஒருசாரார். தகட்டையே தெய்வமெனக் கொள்வார் மற்றொரு சாரார். இவ்விரு திறத்தாரோடும் சாராது, நூல்நெறி நின்று இதனை ஆராய்தலே ஈண்டு நம் கருத்து.

இவ்வாராய்ச்சிக்கு ஒரு நிகழ்ச்சி ஏதுவாயிற்று. சென்ற கார்த்திகைத் திங்களில், எம் தெருவில் வாழும் அம்மையார் ஒருவர் செப்புத் தகடொன்றை எம்மிடம் கொணர்ந்தார். தம் மகனுக்கு ஏழரையாண்டுச் சனி தொடங்கிற்றென ஒருவர் சொல்லக் கேட்டு, தம் காதணியை விற்று அதனைப் பெற்றனராம். "ஐயா, நாள்தோறும் விளக்கேற்றி வழிபட்டும் மகனுக்கு இருந்த வேலையும் போயிற்று. இதில் பிழை ஏதும் உண்டோ, பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். தகட்டில் ஒன்பது கட்டங்களும் எண்களும் வெட்டப்பட்டிருந்தன. கூட்டிப் பார்த்தோம். கீழ்வரிசையின் நடுவில் 15 நிற்க வேண்டிய இடத்தில் 16 நின்றது. அதனைச் சொன்ன அளவில் அம்மையார் மெய் நடுங்கினார். "பிழையான சக்கரத்தை வழிபட்டதனால்தான் இப்படி ஆயிற்றோ?" என்றார். அந்நடுக்கமே இக்கட்டுரையை எழுதுவித்தது. கன்னான் ஒருவனது உளி தவறியதனால் ஓர் உயிரின் நன்மை தீமைகள் மாறுமோ என்பதே வினா.

சக்கரங்களின் இயல்பு

கோள்களுக்குரிய சக்கரங்கள் இருவகையின. ஒன்று வடிவால் ஆவது. மற்றொன்று எண்ணால் ஆவது.

வடிவால் ஆவன, கோள் வேள்வியில் வரையப்படும் மண்டலங்கள். ஞாயிற்றுக்கு வட்டம், திங்களுக்குச் சதுரம், செவ்வாய்க்கு முக்கோணம், புதனுக்கு அம்பு, வியாழனுக்கு நீள்சதுரம், வெள்ளிக்கு ஐங்கோணம், சனிக்கு வில், இராகுவுக்கு முறம், கேதுவுக்குக் கொடி என வழங்குவர். ஞாயிறு நடுவில் நிற்க, ஏனைய எட்டும் எண்டிசையினும் நிற்கும். யாஞ்ஞவல்கிய மிருதி, செம்பு, பளிங்கு, செஞ்சந்தனம், பொன், வெள்ளி, இரும்பு, ஈயம், வெண்கலம் ஆகியவற்றால் கோள்களின் உருவங்களை அமைக்க என்றும், அன்றேல் துணியில் அவ்வவற்றின் நிறங்களால் எழுதுக என்றும், மணக்குழம்பால் மண்டலமிடுக என்றும் விதிக்கின்றது. அங்ஙனம் விதித்தது வேள்வியும், மலரும், ஈகையும் சேர்ந்த வழிபாட்டின் உறுப்பாகவே என்பதை மறவற்க.

எண்ணால் ஆவது, மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டமுடையது. ஞாயிற்றின் சக்கரத்தில் மேல்வரிசை 6, 1, 8; இடைவரிசை 7, 5, 3; கீழ்வரிசை 2, 9, 4. நெடுக்கிலும், குறுக்கிலும், மூலைக்கு மூலையாகவும் எப்படிக் கூட்டினும் 15 வரும். திங்களின் சக்கரம் யாதெனின், இதன் ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்று கூட்டியதே, தொகை 18. செவ்வாய்க்கு மேலும் ஒன்று கூட்டுக, தொகை 21. இவ்வாறே புதனுக்கு 24, வியாழனுக்கு 27, வெள்ளிக்கு 30, சனிக்கு 33, இராகுவுக்கு 36, கேதுவுக்கு 39 எனச் செல்லும். ஆகவே ஒன்பது சக்கரமும் வெவ்வேறல்ல. ஒரே சக்கரம் படிப்படியே ஏறி நிற்பதாம். எதனை எடுப்பினும் நடுக்கட்டத்து எண்ணை மும்மடங்காக்கினால் அதன் தொகை வந்துவிடும். சனியின் நடுவெண் 11; தொகை 33. நடுவெண்ணொன்றே சக்கரம் முழுவதையும் தாங்குகின்றது என்க.

இக்கணக்கு கோள்களுக்கே உரிய மறைபொருளோ எனின், அன்று. சோதிட வல்லுநராகிய வராகமிகிரர் ஆறாம் நூற்றாண்டில் தாம் இயற்றிய பிருகத் சங்கிதையில், நான்குக்கு நான்காகிய எண்கட்டம் ஒன்றனைத் தருகின்றார். அதன் தொகை 18. அஃது எதற்கெனின், மணப்பொருள்களை எவ்வெவ்வளவிற் கலப்பது என்பதைக் காட்டுதற்கு. ஏறத்தாழக் கி. பி. 900-இல் விருந்தர் என்பார் செய்த சித்தயோகம் என்னும் மருத்துவ நூலில், மூன்றுக்கு மூன்றாகிய கட்டம் மகப்பேற்று நோவுறும் மகளிர்க்குக் காட்டப்படுவதாக வருகின்றது. கசுராகோவில் உள்ள பார்சுவநாதர் கோயிலில் 34 தொகையுடைய கட்டமொன்று கல்லில் வெட்டப்பட்டுள்ளது. 1356-இல் நாராயண பண்டிதர் கணித கௌமுதியில் இத்தகைய கட்டங்களை அமைக்கும் முறையைத் தனி இயலாகவே விரித்தனர். மணம் கூட்டுவானும், மருத்துவனும், சமணரும், கணக்கரும் ஒருங்கே கையாண்ட கட்டத்துக்குத் தானாகவே கோளை அடக்கும் ஆற்றல் உண்டென்பது பொருந்தாது. ஆற்றல் வேறிடத்தது.

சைவ நூல்களிற் சக்கரம்

அற்றேல், நம் நூல்களும் சக்கரம் கூறுகின்றனவே எனின், கூறுகின்றன. திருமந்திரத்தின் நான்காந் தந்திரம் பெரிதும் சக்கரங்களைப் பற்றியதே. திருவம்பலச் சக்கரம், ஏரொளிச் சக்கரம், வயிரவச் சக்கரம், சாம்பவி மண்டலச் சக்கரம், புவனாபதி சக்கரம், நவாக்கரி சக்கரம் என்பன ஆண்டு உரைக்கப்படுகின்றன. திருவம்பலச் சக்கரத்துள், நெடுக்கே 12 கோடும் குறுக்கே 12 கோடும் கீற, 11-க்கு 11 ஆக 121 கட்டங்கள் அமையும். அவற்றுள் ஒன்றில் இறைவன் எழுந்தருளுவன் என்பது திருமூலர் கருத்து. அக்கட்டங்களில் அமைவன திருவைந்தெழுத்து முதலிய மந்திர எழுத்துக்களே. மந்திரம் இறைவனது அருளாற்றலின் வடிவு. சக்கரம் அம்மந்திரத்துக்கு இருக்கை. இருக்கைக்குப் பெருமை, இருப்பவனால் வருவது.

அத்தந்திரத்துள்ளே தம்பனம், மோகனம் முதலிய செயல்களும் சொல்லப்பட்டனவே எனின், உண்மையே. அதனை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும் அவையும் அஞ்செழுத்தின் ஆற்றலாகச் சொல்லப்பட்டனவே அன்றித் தகட்டின் ஆற்றலாகச் சொல்லப்பட்டில. தந்திரத்தின் நோக்கமும் அவற்றோடு நின்றுவிடவில்லை. அம்பலத்துக் கூத்தனைத் தன்னுள்ளே காண்டலே அதன் முடிபு.

உண்மை விளக்கமும் வடிவங்களைக் கூறும். நிலத்துக்கு நாற்கோணம், நீருக்குப் பிறை, தீக்கு முக்கோணம், காற்றுக்கு அறுகோணம், வானுக்கு வட்டம் என்பது அந்நூல். மாணாக்கன் அவற்றை வணங்குதற்கோ கூறினார்? அன்று. இவை சடமாகிய தத்துவங்கள். நீ இவையல்லை என்று பிரித்துணர்தற்கே கூறினார். வடிவத்தைக் காட்டி வடிவத்தைக் கடப்பித்தலே சித்தாந்தத்தின் நெறி.

கோளும் வினையும்

இனிக் கோள்கள் செய்வது யாது? உயிர் ஈட்டிய வினை, சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூவகைத்து. அவற்றுள் இப்பிறப்பில் நுகர வந்தது பிராரத்தம். பேறு, இழவு, இன்பம், பிணி, மூப்பு, சாக்காடு என்னும் ஆறும் கருவிலேயே அமைந்தன என்பது சிவஞான சித்தியார். வினை சடமாதலின் தானே வந்து பயன் தராது. உயிர் தானே சென்று துன்பத்தை எடுத்துக்கொள்ளாது. கூட்டுவிப்பவன் இறைவன் ஒருவனே. கோள்கள் அவன் ஆணையில் நிற்கும் கருவிகள். காலத்தைக் காட்டும் குறிகள். நாழிகை வட்டில் காலத்தைக் காட்டுமே அன்றி ஆக்காது.

சனி ஓர் இராசியில் ஏறக்குறைய இரண்டரையாண்டு நிற்பது. அவ்விராசியிலும், அதற்கு முன்னும் பின்னும் உள்ள இராசிகளிலும் திங்கள் நிற்கப் பிறந்தார்க்கெல்லாம் ஏழரையாண்டுக் காலம் என்பர். பன்னிரண்டு இராசியுள் மூன்று எனவே, எந்நாளிலும் மாந்தருள் ஏறத்தாழக் காற்பங்கினர் அதனுள் இருப்பர். அவருள் மணம் முடிப்பாரும் உளர்; மகப்பெறுவாரும் உளர்; பொருள் இழப்பாரும் உளர். கோள் ஒன்றாக, நுகர்ச்சி பலவாதலின், வேறுபாட்டுக்குக் காரணம் அவரவர் வினையே என்பது வெளிப்படை.

வினை நுகர்ந்தே தீர்வதாயின் வழிபாடு எதற்கு என்று கேட்பாரும் உளர். இதற்கு விடை திருஞானசம்பந்தப் பெருமான் வரலாற்றிலேயே உள்ளது. கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்களைக் குளிர்சுரம் பற்றியபோது, அஃது அந்நாட்டின் இயல்பு என்று அவர்கள் இருந்துவிடவில்லை, பிள்ளையாரிடம் விண்ணப்பித்தனர். இவ்வினைக்கு இது பயன் என்று சொல்லத் தெரிந்தவர், அதினின்று உய்யும் வழியை நாடாதிருத்தல் குறையன்றோ என்னும் கருத்தமைய, அவர் திருநீலகண்டப் பதிகம் அருளினார். திருமறைக்காட்டில், மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாரும் விடுத்த அழைப்பினை ஏற்று மதுரைக்கு எழுந்தருளப் புகுங்கால், கோள்நிலை தீது என்று அப்பரடிகள் தடுத்தார். பிள்ளையார் கோள் இல்லை என்று மறுத்தாரல்லர். கோளுக்குக் கழுவாய் தேடினாருமல்லர். சிவபெருமான் உள்ளத்தே புகுந்தமையால் அவையெல்லாம் அடியார்க்கு நல்லனவே என்று கோளறு பதிகம் பாடிப் புறப்பட்டார்.

மதுரையில் தீயிலிட்டும் வேவாது பச்சையாய் விளங்கிய ஏடு, திருநள்ளாற்றுப் பதிகம் எழுதியது. நளன் சனியின் தொடர்பு நீங்கியதும், அத்தலத்து ஈசனை வழிபட்டதனால் என்பது தலவரலாறு. இன்று அங்குச் செல்வாருட் பலர் சனியின் திருமுன் நெடும்பொழுது நின்று, தருப்பாரணியேசுவரரைக் கடைக்கண்ணால் நோக்கி மீள்கின்றனர். ஏவலனைக் கண்டு நடுங்கி, அரசனை மறந்து வருதல் இது.

முடிபு

ஆதலின், சக்கரத்தை இகழ வேண்டுவதில்லை. குருவின்பால் மந்திரம் பெற்று, விதிப்படி வழிபடுவார்க்கு அது மனத்தை ஒருவழிப்படுத்தும் துணை. மந்திரமும் அன்பும் இன்றி விலைக்குப் பெற்றுச் சுவரில் மாட்டுவார்க்கு அது செம்பு. அச்சம் தீர்க்கும் பொருட்டு வாங்கியதே புதிய அச்சத்துக்குக் காரணமாகுமாயின், அதனினும் பெரிய கோட்குற்றம் யாதுளது?

அம்மையார் அவ்வெண்ணைத் திருத்தித் தருமாறு வேண்டினார். "அம்மா, 15 என்றாலும் 16 என்றாலும் உங்கள் மகனுக்கு அதனால் வருவது ஒன்றுமில்லை. வெட்டியவன் பிழை உங்கள் வினையாகாது. இதனைக் கோயில் திருப்பணிக்குச் செம்பாகக் கொடுத்துவிடுங்கள், மாலைதோறும் மகனையும் உடன்கொண்டு சந்நிதியில் கோளறு பதிகம் ஓதுங்கள்" என்றோம். "அப்படியானால் வேலை கிடைத்துவிடுமா, ஐயா?" என்றார். "அதனைச் சொல்ல யாம் ஆர்? அஞ்சாதிருக்கலாம் என்பது மட்டும் உறுதி" என்றோம்.

இத்தை மாதம் வரை மகனுக்கு வேலை கிடைத்திலது. ஆயினும் இருவரும் நாள்தோறும் வருகின்றனர். பதினொரு பாடல்களும் இப்பொழுது ஏடு பாராமலே வருகின்றன. அன்று கண்ட நடுக்கம் அம்மையாரிடத்து இன்றில்லை.

திருச்சிற்றம்பலம்.