உங்களுக்குத் தெரியுமா? கைவிட்ட சுரங்கத்துக்குள் என்ன இருக்கிறது

★ பழைய சுரங்கத்துக்குள் நுழைகிறவர்கள் பாறை விழுமோ என்று அண்ணாந்து பார்த்தபடியே நடப்பார்கள். கவனிக்க வேண்டியது காற்றை. நாம் இழுக்கும் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம். காற்றோட்டம் நின்றுபோன சுரங்கத்தில் மக்கும் மரமும் கந்தகம் கலந்த தாதுவும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். 10 சதவீதத்துக்குக் கீழே போனால் நினைவு தப்பும். 6-க்குக் கீழே சில நிமிடங்களில் உயிரே போகும். இதில் கொடுமை, ஆக்சிஜன் மட்டும் குறைந்தால் உடம்புக்குச் சரியாகத் தெரிவதில்லை. மூச்சுத் திணறலே இல்லாமல் ஆள் சுருண்டு விழுந்துவிடலாம். பின்னால் வந்தவர் தூக்கப் போவார், அவரும் விழுவார். நம்மூர்க் கிணறுகளில் ஒருவரைத் தொடர்ந்து இரண்டு மூன்று பேர் சாகிறார்களே, அதே கதைதான்.

★ கிணற்றில் இறங்கும் முன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது நம் வழக்கம். ஆக்சிஜன் 16, 17 சதவீதத்துக்கு இறங்கினால் சுடர் அணைந்துவிடும் என்பதால் அது ஓரளவு சரியான சோதனைதான். ஆனால் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும் அளவில் இருந்தாலும் சுடர் அசையாமல் எரியும். நிலக்கரிச் சுரங்கமாக இருந்து, மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் விளக்கே வெடிக்குத் திரியாகிவிடும். 1815-இல் ஹம்ஃப்ரி டேவி சுடரைச் சுற்றிக் கம்பிவலை போட்டு விளக்கு செய்தது இதற்காகத்தான்.

★ கார்பன் மோனாக்சைடைக் கண்டுபிடிக்க பிரிட்டன் சுரங்கங்களில் கேனரிக் குருவி வைத்திருந்தார்கள் அல்லவா? அந்த யோசனையைச் சொன்னவர் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி. குருவிகளுக்கு ஓய்வு கிடைத்தது 1986-இல்தான்.

★ அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு. உள்ளே போகப் போக நாற்றம் மறைந்துவிட்டதா? வாயு போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். அளவு கூடினால் அது முதலில் மரத்துப்போகச் செய்வது மூக்கைத்தான்.

★ சுரங்கமும் மூச்சு விடும். வெளியே காற்றழுத்தம் கூடும்போது நல்ல காற்று உள்ளே போகும். புயல் மழைக்கு முன் அழுத்தம் இறங்கும்போது, உள் மூலைகளில் தேங்கிய கெட்ட காற்று வாசலை நோக்கி வரும். ‘போன வாரம்தானே போய் வந்தோம், ஒன்றும் ஆகவில்லையே’ என்ற கணக்கு இங்கே செல்லாது.

★ கோலார் தங்கவயலை நினைக்காமல் தமிழர் யாரும் சுரங்கம் பற்றிப் பேச முடியாது. வட ஆற்காட்டிலிருந்தும் மற்ற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் போன குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கிய இடம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். 2001 பிப்ரவரி 28-இல் வேலை நின்றது. பம்பு நின்றால் சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறும். விசிறி நின்றால் காற்று கெடும். ஆனாலும் இரும்புக்கும் மிச்சம் மீதி தாதுவுக்கும் ஆசைப்பட்டு இறங்குகிறவர்கள் உண்டு. 2020 மே மாதம் தங்கவயலின் மாரிகுப்பத்தில் பழைய ஷாஃப்டுக்குள் (செங்குத்தாக இறங்கும் சுரங்கக் குழிக்குள்) திருட இறங்கிய கூட்டத்தில் மூன்று பேர் மூச்சுமுட்டி இறந்தார்கள். திருட்டு என்று எழுதிவிடுவது சுலபம். வேலை போன ஊரில் அது எப்படித் தொடங்குகிறது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

★ நீலகிரியிலும் தங்கச் சுரங்கம் இருந்தது! 1880 வாக்கில் தேவாலா, பந்தலூர் பகுதியில் தங்கம் கொட்டிக் கிடக்கிறது என்று நம்பி லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாகத் தொடங்கிப் பங்கு விற்றார்கள். சில வருஷத்தில் எல்லாம் புஸ். பணம் போனது, மலையில் குடைந்த குடைவுகள் மட்டும் மிஞ்சின. அந்தப் பக்கம் இன்றும் களவாகத் தங்கம் தோண்டுகிறவர்கள் உண்டு. அது மழை விடாத பிரதேசம். ஈரம் ஊறிய மண் எப்போது சரியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

★ சுரங்கத் தரையில் பலகை பரப்பியிருந்தால் அதில் கால் வைக்காதீர்கள். அடிமட்டத்துக்கு இறங்க உள்ளேயே தோண்டிய கிணற்றைப் பலகையால் மூடியிருப்பார்கள். மேலே நூறு வருஷத் தூசி படிந்து, தரை எது பலகை எது என்றே தெரியாது. அதைவிட மோசம், தண்ணீர் நிரம்பிய கிணறு. அசையாத, தெளிந்த நீர். டார்ச் அடித்தால் கணுக்கால் அளவுக் குட்டை போலத்தான் தெரியும். கால் வைத்தால் அடி எட்டாது.

★ 2011 மார்ச், அமெரிக்காவின் நெவாடா. பாலைவனத்தில் தோண்டிக் கைவிட்ட ஒரு பழைய சுரங்கத்தைப் பார்க்க நண்பர்களோடு போன இளைஞர் ஒருவர் 190 அடி ஷாஃப்டுக்குள் விழுந்தார். மேலிருந்து கேமரா இறக்கினார்கள். அவருக்கு மூச்சு இருப்பது திரையில் தெரிந்தது. மீட்க இறங்கியவரின் மேல், பக்கச் சுவரிலிருந்து கல் உதிர்ந்து தலைக்கவசமே பிளந்தது. கயிறு உரசினாலே சுவர் சரிகிற நிலை. இன்னொருவரை இறக்கினால் அவரும் சாவார் என்று மீட்பை நிறுத்திவிட்டார்கள். அடுத்த நாள் அவர் இறந்தார். உடலை உள்ளேயே விட்டு ஷாஃப்டை மூடினார்கள். அந்த முடிவைத் திட்டியவர்கள் உண்டு. நான் திட்டமாட்டேன்.

★ விட்டுப்போன வெடிமருந்துக்கு வயதானால் வீரியம் போகாது, கோபம்தான் ஏறும். பழைய டைனமைட்டிலிருந்து நைட்ரோகிளிசரின் கசிந்து வெளியே படிந்துவிடும். கையில் எடுத்தாலே போதும், வெடித்துவிடலாம். பென்சில் தடிமனில் பளபளவென்று கிடக்கும் டெட்டனேட்டரைப் பிள்ளைகள் விளையாட்டுச் சாமான் என்று பொறுக்கி வந்து விரல்களை இழப்பதும் உண்டு.

★ உள்ளே போகாதவர்களையும் பழைய சுரங்கம் விடாது. பக்கத்தில் புதிதாகத் தோண்டும்போது, நீர் தேங்கிய பழைய வெற்றிடத்தில் வெடி வைத்துவிட்டால் வெள்ளம் பாயும். 1975 டிசம்பர் 27, தன்பாத் அருகே சாஸ்னாலா: 370-க்கும் மேற்பட்டோர் பலி. 1989 நவம்பரில் ராணிகஞ்ச் மகாபீர் சுரங்கத்திலும் இப்படித்தான் நீர் புகுந்தது. ஆனால் அங்கே ஜஸ்வந்த் சிங் கில் என்ற பொறியாளர் நிலத்தில் புதுத் துளை போட்டு, இரும்புக் கூண்டில் தானே இறங்கி 65 பேரை ஒவ்வொருவராக மேலே அனுப்பினார். 2002 ஜூலையில் பென்சில்வேனியாவின் க்வீக்ரீக்கில் பக்கத்துப் பழைய சுரங்கத்தின் சரியான வரைபடம் கையில் இல்லாததால் வெள்ளம் வந்தது. ஒன்பது பேர் மூன்று நாளுக்கு மேல் சிக்கியிருந்து, ஒன்பது பேரும் பிழைத்தார்கள்.

★ பழைய சுரங்க வாசலைக் கான்கிரீட்டால் ஒரேயடியாக அடைத்துவிடலாமே? அங்கே வௌவால்கள் குடியிருக்கும். அதனால் அமெரிக்காவில் பல இடங்களில் கிடைமட்டக் கம்பி போட்ட கதவு வைக்கிறார்கள். வௌவால் பறந்து போகும், காற்றும் போகும், ஆள் நுழைய முடியாது.

★ நமக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் கைவிட்ட சுரங்கம் எது? கல்குவாரிதான். மழைநீர் தேங்கி நீலமாகத் தெரியும் அந்தக் குட்டைக்குச் சாய்வான கரை கிடையாது. ஓரத்திலிருந்தே செங்குத்தாக இறங்கும். மேலே வெதுவெதுப்பு, சில அடி கீழே சில்லிட்ட நீர். ஏறிவரப் பிடிப்பு இல்லாத பாறைச் சுவர். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே திணறும் இடம். மாங்காடு பக்கத்தில் சிக்கராயபுரம் குவாரிகளில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதற்கு ஒரு கணக்கு: 2017 வறட்சியில் ஏரிகள் வற்றியபோது, அந்தத் தண்ணீரையும் சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள்.